பார்க்க மட்டும் அனுமதி

பிப்ரவரி 9, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. என் கணவர் ஜோயல் மறுபடி கப்பல் ஏறிப் பத்து நாள் ஆகிறது. வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

இன்று மூன்றாவது தடவையாக ரெக்ஸ்லின் சாரிடம் முழு அனுமதி கேட்டேன். அவர்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் ஐ.டி. மேனேஜர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்களுக்குப் பாக்குறதுதானம்மா வேல. மாத்துறதுக்கு வெளிய இருந்து ஆள் வாறாருல்லா?" என்றார்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் ஐந்தாவது வருடம். கட்டடம் முழுக்கக் கூரையில் அறுபத்திரண்டு வைஃபை பெட்டிகள் இருக்கின்றன. அத்தனையும் தரைத்தளத்தில் என் அறைக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலர் சொல்வதைத்தான் கேட்கும். கன்ட்ரோலரோடு கருப்புத் திரையில் கட்டளைகள் அடித்துத்தான் பேச வேண்டும். என் பெயரில் நுழைந்தால் வரியின் கடைசியில் ஓர் அம்புமுனை நிற்கும். அது பார்வை நிலை. எந்தப் பெட்டி வேலை செய்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இரண்டாவது பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு அம்புமுனை போய் ஹேஷ் (#) குறி வரும். அவர் எதையும் மாற்றலாம், அழிக்கலாம், மொத்தத்தையும் அணைக்கலாம்.

அந்த இரண்டாவது பாஸ்வேர்டு கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் இருக்கிறது. வெளிக் கம்பெனி ஆள். திங்களும் வியாழனும் பைக்கில் வருவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவர் தட்டச்சு செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாம் மாடி மேற்குப் பக்கத்தில் இருந்து சகாயராணி சிஸ்டர் நான்கு தடவை கூப்பிட்டார். அங்கே 311 முதல் 318 வரை தனி அறைகள். ஐ.சி.யூ.வில் இருந்து தேறி வருகிறவர்களை வைப்பார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மானிட்டர். இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் வைஃபை வழியாகத்தான் சிஸ்டரின் மேஜைத் திரைக்கு வரும். அது அடிக்கடி அறுந்துபோகிறது.

"திரையில 'தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை'ன்னே கத்திட்டுக் கெடக்கு, பியூலா. நாங்க எத்தன தடவதான் ஓடிப் போயிப் பாக்குறது? சத்தத்தக் கொறச்சு வச்சிட்டோம்."

காரணம் எனக்குத் தெரியும். மேற்குப் பக்கம் புதிதாக மாட்டிய பெட்டி பார்வையாளர்களின் வலைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மானிட்டர்கள் அதோடு சேர முடியாமல், லிஃப்ட் பக்கம் இருக்கும் பழைய பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. புதிய பெட்டியை மருத்துவக் கருவிகளின் குழுவுக்கு மாற்றினால் போதும். இரண்டு வரிக் கட்டளை. அதற்கு ரெக்ஸ்லின் சார் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் ஜனவரி கடைசியில் இருந்து அவர் மேஜையில் கிடக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். படிவம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

அண்ணாச்சி பத்தே முக்காலுக்கு வந்தார். பார்வையாளர் வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினார். வேலையை முடித்துச் சேமிக்கும் கட்டளையை அடித்துவிட்டு, வழக்கம்போல, "எழுதியாச்சு மேடம்" என்றார். சகாயராணி சிஸ்டர் அவரிடமும் புலம்பியிருக்கிறார். "அந்த மேற்குப் பெட்டியையும் இன்னைக்கே பாத்துருதேன், படிவம் வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஸ்கேன் ரிசல்ட். கர்ப்பப்பையில் கட்டி என்று. முகமே மாறிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிப் போனார். திரையை மூடக்கூட இல்லை.

மதியத்துக்குள் மேற்குப் பக்கத்துப் பிரச்சினை சரியாகிவிட்டது. எட்டு மானிட்டரும் புதிய பெட்டியில் சேர்ந்துவிட்டன. சிஸ்டர் போன் செய்து, "ஆண்டவர் ஒங்களுக்கு நல்லது செய்வாரு" என்றார்.

எப்படிச் சரியானது என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நான்கு நாளாக ஓர் அறுப்பும் இல்லை. சிஸ்டர் எனக்கும் சேர்த்து வீட்டிலிருந்து புட்டு கொண்டுவந்தார். அண்ணாச்சி இன்று வரவில்லை, இந்த வாரம் முழுக்க லீவு.

ஸ்கேன் பகுதிக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் பக்கத்துப் பழைய பெட்டி இனிமேல் தேவையில்லை, அதைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று பராமரிப்புக்காரர்களிடம் சொன்னேன். கழற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து, தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாளும் கறி மீன் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் கிடந்த சீலா மீன் துண்டுகளை எதிர்வீட்டில் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, சனி

இன்று மதியம் யு.பி.எஸ். பேட்டரி மாற்றினார்கள். இரண்டரைக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் அணைந்து அணைந்து வரும் என்று எல்லா மாடிக்கும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

313ஆம் அறையில் ஒருவர் இறந்துவிட்டார். பெயர் தனுஷ்கோடி. அறுபத்து மூன்று வயது. உப்புக் கம்பெனியில் எடைமேடை கிளார்க்காக இருந்தவராம். திங்களன்று வீட்டுக்கு அனுப்புவதாக இருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் துணி ஊறவைத்தேன். பிறகு அதை அலசாமலே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

விசாரணை என்று மேல் மாடியில் கூட்டினார்கள். மெடிக்கல் சூப்பிரண்டன்ட், ரெக்ஸ்லின் சார், வெளிக் கம்பெனியில் இருந்து ஒருவர், நான். கடைசியில் கோமதிநாயகம் அண்ணாச்சியையும் கூப்பிட்டார்கள்.

கம்பெனியில் இருந்து வந்தவர் பதிவேட்டில் கடைசி வரியை மட்டும் காட்டினார். பிப்ரவரி 12. கோமதிநாயகம் என்ற பெயர். மேற்குப் பெட்டி, குழு மாற்றம். அதற்குப் பிறகு சேமிக்கப்படவில்லை.

"சேமிக்காட்டி என்ன ஆவும்?" என்று சூப்பிரண்டன்ட் கேட்டார்.

"மாத்துனது உடனே வேல செய்யும் சார். ஆனா நெனவுல மட்டும்தான் இருக்கும். கன்ட்ரோலர் அணைஞ்சு எரிஞ்சா பழைய மாதிரியே ஆயிரும்."

அப்படித்தான் ஆனது. சனிக்கிழமை கன்ட்ரோலர் மறுபடி எழுந்தபோது மேற்குப் பெட்டி பார்வையாளர் குழுவுக்குத் திரும்பிவிட்டது. பழைய பெட்டி அங்கே இல்லை. எட்டு மானிட்டரும் எங்கும் சேர முடியாமல் நின்றுவிட்டன. பேட்டரி வேலைதானே என்று சிஸ்டர்கள் நினைத்துக்கொண்டார்கள். 313இன் கதவு சாத்தியிருந்தது. கட்டிலோரத்து மானிட்டர் உள்ளே கத்தியிருக்கும். வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

சூப்பிரண்டன்ட் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு வீட்டுல இருந்து போன் வந்துச்சு சார். நான் அந்தப் பெட்டிய மாத்துனேனா இல்லியான்னே நெனவு இல்ல. மாத்தணும்னு நெனச்சுட்டு இருந்தேன். பேரு இருக்குல்லா, அப்போ மாத்திருப்பேன். எழுதாமப் போயிருப்பேன்."

என்னிடம், "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"போன் வந்தப்ப இருந்தேன் சார். அவசரமாக் கெளம்பினாரு" என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

எனக்கு நானே எழுதிக்கொள்ளும் இந்தப் புத்தகத்தில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

12ஆம் தேதி அண்ணாச்சி போன பிறகு திரை திறந்தே இருந்தது. வரியின் கடைசியில் ஹேஷ் குறி. பத்து நிமிடம் யாரும் எதுவும் அடிக்காவிட்டால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒன்பது நிமிடம் வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தடவை என்டரைத் தட்டினேன், பூட்டாமல் இருக்க. அப்புறம் காப்பி வாங்கி வந்தேன். திரும்பி வந்து இரண்டு வரியையும் அடித்தேன். எட்டு மானிட்டரும் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நானே என் கையால் செய்த முதல் மாற்றம். யாரோ வரும் சத்தம் கேட்டது. சட்டென்று திரையை மூடிவிட்டேன்.

சேமிக்கவில்லை. சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் தோன்றியது. ஆனால் அப்போது என்னிடம் அம்புமுனைதான் இருந்தது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் இருந்தது.

மார்ச் 2, திங்கள்

இறந்தவரின் மகள் வந்திருந்தார். முத்துச்செல்வி. முப்பது வயதுகூட இருக்காது. பள்ளிச் சீருடை தைக்கிறாராம். வழக்குப் போடுவார் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவர் ரெக்ஸ்லின் சார் அறைக்கு வந்து நின்றபடியே ஒரே கேள்விதான் கேட்டார்.

"எங்கப்பாவ எத்தன நிமிஷம் யாரும் பாக்கல சார்?"

"கொஞ்ச நிமிஷம்தாம்மா. டெக்னிக்கல் கோளாறு. அதுக்குக் காரணமான ஆள் மேல நடவடிக்கை எடுத்தாச்சு."

"ஆளக் கேக்கல சார். நிமிஷத்தக் கேக்கேன்."

"சரியாச் சொல்ல முடியாதும்மா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். சரியாகச் சொல்ல முடியும். அதற்கு ஹேஷ் குறி வேண்டாம். பார்வை நிலையே போதும்.

மார்ச் 5, வியாழன்

கோமதிநாயகம் அண்ணாச்சியை அவர் கம்பெனி நிறுத்திவிட்டது. அடையாள அட்டையை ஒப்படைக்க வந்தார். மழிக்காத முகம். அவருடைய கருவிகளைப் பையில் எடுத்துவைக்க உதவினேன்.

"ஆபரேஷன் எப்ப அண்ணாச்சி?"

"அடுத்த மாசம்னு சொல்லுதாவ. பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்கதான் அன்னைக்குப் பக்கத்துல நின்னிய. நான் 'எழுதியாச்சு'ன்னு சொன்னேனா? எப்பவும் சொல்லுவேன்லா. அன்னைக்குச் சொன்னேனா?"

"கவனிக்கல அண்ணாச்சி."

தலையை ஆட்டிக்கொண்டே போனார். வாசல் வரை போய்விட்டு, பையை இறக்கி, எல்லாம் எடுத்தாயிற்றா என்று மறுபடி பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

மார்ச் 9, திங்கள்

ரெக்ஸ்லின் சார் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே இரண்டாவது பாஸ்வேர்டு. "இனிமே வெளியாள நம்ப முடியாது. நீங்களே பாத்துக்கிடுங்க மேடம்." முதல் முறையாக மேடம் என்றார்.

என் பெயரில் நுழைந்து, பாஸ்வேர்டு கொடுத்தேன். அம்புமுனை போய் ஹேஷ் வந்தது. மேற்குப் பெட்டியை முறைப்படி மாற்றினேன்; 21ஆம் தேதியில் இருந்து அந்த எட்டு அறையிலும் யாரையும் வைக்கவில்லை. சேமித்தேன். சேமித்தேனா என்று பார்த்தேன். அறைக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பதிவேட்டை அழிக்கும் அனுமதியும் இப்போது எனக்கு இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஜோயல் சிங்கப்பூரில் இருந்து பேசினார். சொல்லிவிட்டேன். 

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒங்களுக்கு மட்டும்தான்."

"அப்போ வாய மூடிட்டு இரு, பியூலா. அந்தாளு அவர் வாயாலயே நான்தான்னு சொல்லிட்டாருல்லா. நீ போயி சொன்னா செத்தவரு எந்திரிச்சு வரப் போறாரா? ஜெயிலுக்குப் போவியா? நான் நடுக்கடல்ல கெடக்கேன், யாரு வந்து ஒன்னப் பாப்பா?"

அவர் சொன்னதில் எதுவும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் போனை வைத்த பிறகு அழுதேன்.

மார்ச் 19, வியாழன்

முத்துச்செல்வி மறுபடி வந்தார். இது நான்காவது தடவையாம். இப்போது அவரை உள்ளே விடுவதில்லை. ரிசப்ஷன் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் இன்று மருந்துக்கடைப் பக்க வாசல் வழியாக வெளியேறினேன்.

மார்ச் 23, திங்கள்

மார்க்கெட்டில் அண்ணாச்சியின் மனைவியைப் பார்த்தேன். போன வருடம் ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் விழாவுக்கு வந்திருந்த முகம். இப்போது பாதியாக இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அவர்ட்ட நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க. கேமரா மாட்டுத வேல கெடச்சிருக்கு. மாட்டிட்டு வீடு வந்து சேந்த பொறவு, சரியா மாட்டுனேனான்னு பைக்க எடுத்துட்டுத் திரும்பப் போறாவ. ஒரே கடைக்கு மூணு தடவ. கடைக்காரரு எரிச்சப்பட்டு இனி வராதீயன்னுட்டாரு. நேத்து கேஸ் சிலிண்டர் மூடியாச்சான்னு எத்தன மட்டம் பாத்தாவன்னு நெனைக்கிய? 'என் கைய நம்ப முடியல, ஒரு உசுரக் கொன்ன கை'ங்காவ. ஆபரேஷனுக்குப் படுக்கப்போறது நான். எனக்கு அவிய மேலதான் பயமா இருக்கு."

கத்தரிக்காய் வாங்கப் போனவள், வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

பதிவேட்டை அழிக்கவில்லை. அச்செடுத்தேன்.

பிப்ரவரி 12, பதினொன்று பன்னிரண்டு: கோமதிநாயகம், பாஸ்வேர்டு மாற்றம், சேமிக்கப்பட்டது. பதினொன்று இருபத்தெட்டு: கோமதிநாயகம், மேற்குப் பெட்டி. வாசல் செக்யூரிட்டியின் நோட்டில் அவர் வெளியே போன நேரம் பதினொன்று பதினேழு என்று இருக்கிறது, அவருடைய கையெழுத்தோடு. அதையும் நகல் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21ஆம் தேதியின் பக்கத்தையும் அச்செடுத்தேன். இதுவரை அதை நான் திறக்கவே இல்லை.

இரண்டு முப்பத்தேழு: எட்டு மானிட்டரின் தொடர்பும் அறுந்தது. இரண்டு நாற்பத்து நான்கு: கன்ட்ரோலர் எழுந்தது. இரண்டு ஐம்பத்திரண்டு: பியூலா, பார்வை நிலை, மேற்குப் பெட்டியின் விவரம் பார்க்கப்பட்டது. மூன்று பதினெட்டுக்கு 313க்குள் சிஸ்டர் போனது வார்டு நோட்டில் இருக்கிறது.

பார்ப்பதும் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது.

சேமிக்க மறந்ததை மட்டும் பிப்ரவரி 27ஆம் தேதி எழுதிவிட்டு, பாரம் இறங்கியது போல இருந்தேன். மறதி எல்லோருக்கும் வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு நான் எதையும் மறக்கவில்லை. மேற்குப் பெட்டி எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்த்தேன். அந்த நொடியே எல்லாம் புரிந்தது. அண்ணாச்சிக்கு மூன்று தடவை போன் அடித்தேன். அவர் கோவில்பட்டியில் இருந்தார், எடுக்கவில்லை. என் மேஜையில் இன்டர்காம் இருந்தது. மூன்றாம் மாடிக்கு முந்நூறு என்று அடித்தால் போதும். "சிஸ்டர், திரைய நம்பாதீங்க, ரூம் ரூமாப் போயி பாருங்க" என்று ஒரு வாக்கியம்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் அண்ணாச்சியை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று யோசித்தேன். இருபத்தாறு நிமிடம் யோசித்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 28, சனி

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால், மாடி வீடு. அவர் கதவைத் திறந்தார். மனைவி உள்ளே படுத்திருந்தார். உட்காராமலே இரண்டு தாளையும் அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"பதினொண்ணு பன்னெண்டு," என்று தாளில் விரலை வைத்தார். "இது நான் எழுதுனது?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ நான் எழுதிட்டுத்தான் போயிருக்கேன்."

"ஆமா."

"வாயாலயும் சொன்னேனா?"

"சொன்னிய. எனக்குக் கேட்டுச்சு."

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி படித்தார். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி எழுந்து வந்து, "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அண்ணாச்சி தாளை அவரிடம் நீட்டினார்.

"அஞ்சு வாரம் மேடம்," என்றார் என்னைப் பார்க்காமல். "சோத்தப் பெசஞ்சா, இந்தக் கைதானேன்னு தோணும். நீங்க மார்ச் அஞ்சாம் தேதி என் பையில ஸ்க்ரூடிரைவர் எடுத்து வச்சிய. பக்கத்துலயே நின்னு எடுத்து வச்சிய."

"தப்புதான் அண்ணாச்சி."

"திட்டணும்னு வருது. என்ன சொல்லித் திட்டணும்னு தெரியல. போங்க."

அவர் மனைவி வாசல் வரை வந்தார். மார்க்கெட்டில் என் கையைப் பிடித்தவர். நான் படி இறங்குமுன் கதவைச் சாத்தினார்.

மார்ச் 30, திங்கள்

ரெக்ஸ்லின் சாரிடம் கடிதம் கொடுத்தேன். நான்கு பக்கம். அச்சுத் தாள்கள் இணைப்பாக. முதல் பக்கத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஃபைல் மூடியாச்சு மேடம். அடுத்த மாசம் தரச் சான்றிதழுக்கு ஆளுங்க வாறாங்க. இத நான் பாக்கல. நீங்களும் குடுக்கல."

"கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு வேல திரும்பக் கெடைக்கணும் சார்."

"அது அவங்க கம்பெனி விவகாரம். ஒங்களுக்கு வேல வேண்டாமா? சொல்லுங்க."

கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். படிவத்தை ஒரு மாதம் அதே மேஜையில் போட்டுவைத்திருந்தவர் அவர்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் என் இருபத்தாறு நிமிடம் சின்னதாகிவிடும் போலிருந்தது.

என் இடத்துக்கு வந்து அதே கடிதத்தை சூப்பிரண்டன்டுக்கும் அண்ணாச்சியின் கம்பெனிக்கும் மெயில் அனுப்பினேன். பிறகு ராஜினாமா. பிற்பகல் மூன்று மணிக்கு என் பெயரில் நுழைந்து பார்த்தேன். உள்ளே விடவில்லை. பார்வை நிலைகூட இல்லை.

ஏப்ரல் 1, புதன்

முத்துச்செல்வியின் வீடு உப்பளத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. முன்னறை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீருடைத் துணி. மெஷினை நிறுத்தாமலே, "யாரு?" என்றார். பிறகு அடையாளம் தெரிந்து நிறுத்தினார்.

"நாப்பத்தோரு நிமிஷம்," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு முப்பத்தேழுல இருந்து மூணு பதினெட்டு வரைக்கும். அத்தன நேரம் ஒங்க அப்பாவ யாரும் பாக்கல."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நாலு நாளா நான் அப்பா பக்கத்துலயேதான் இருந்தேன்," என்றார் மெதுவாக. "அன்னைக்கு அவருதான் 'சாப்ட்டுட்டு வா பிள்ள'ன்னாரு. சிஸ்டரும், மெஷின் பாத்துக்கிடும், நீங்க போயிட்டு வாங்கன்னாவ. கேண்டீன்ல கூட்டம். சோறு வரவே லேட்டாயிருச்சு. அஞ்சு நிமிஷமா இருந்தா நான் இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு மனசத் தேத்திக்கிடலாம். அதுக்குத்தான் கேட்டுட்டே இருந்தேன்."

நாற்பத்தொன்று என்பது அவருக்கு என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அது ஒங்க தப்பு இல்ல," என்றேன். "அதுல இருபத்தாறு நிமிஷம் எனக்குத் தெரியும். மானிட்டர் எதுவும் வேல செய்யலன்னு தெரியும். மேல போன் பண்ணிச் சொல்லிருக்கலாம். சொல்லல."

முழுவதையும் சொன்னேன். அண்ணாச்சியின் திறந்த திரையையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ரூம் கேண்டீனுக்கு எதுத்தாப்லயா? கண்ணாடிக் கதவு?"

"ஆமா."

"சோத்துக்கு ஒக்காந்திருக்கும்போது பாத்தேன். ஒரு பொம்பள ஃபோன காதுல வைக்குறதும் எடுக்குறதுமா நின்னுட்டே இருந்தா. அவ வீட்டுல யாருக்கோ ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சு, அவளுக்காகவும் சேத்து வேண்டிக்கிட்டேன். நீங்கதானா அது?"

"நான்தான்."

வெளியே உப்பு லாரி ஒன்று போய், வீட்டுக்குள் தரை அதிர்ந்து அடங்கியது. அவர் அழவில்லை. கத்தவும் இல்லை. துணிக் கட்டுகளுக்கு அடியில் இருந்து ஒரு நோட்டை இழுத்து, அளவுகள் குறித்திருந்த பக்கங்களைத் தள்ளி, வெறும் பக்கம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"எல்லாத்தையும் எழுதுங்க. நிமிஷம் நிமிஷமா. கையெழுத்துப் போடுங்க. நான் வக்கீல்ட்ட போவேனா, போலீஸ்ட்ட போவேனான்னு இன்னும் தெரியாது. எங்க போனாலும் ஒங்களக் கூப்பிடுவேன். வரணும்."

"வருவேன்."

அவர் எழுந்து மெஷின் ஸ்டூலை எனக்கு விட்டுக்கொடுத்தார். பக்கத்தில் நின்று, நான் எழுதுவதை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.